இரண்டாவது பீரியடு

அரசலங்குடி உயர்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியார் வேதநாயகத்துக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. பதினாறு வருஷமாக அவரிடம் படித்தவர்களில் கணக்கில் தவறியவர்களை இரண்டு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். கும்பகோணத்துப் பெரிய பள்ளிக்கூடங்களில்கூட அவர் பெயர் தெரியும். வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் உடையாத ஒரு முழுச் சாக்பீஸ். அவர் வராந்தாவில் நடந்து வந்தால் வகுப்புகள் ஒவ்வொன்றாக அடங்கும். அந்த அடக்கத்தை மரியாதை என்றே அவர் எண்ணியிருந்தார். செவ்வந்தி டீச்சர் வந்து சேரும் வரை அப்படி எண்ணிக்கொள்வதில் அவருக்கு ஒரு இடைஞ்சலும் இருக்கவில்லை.

செவ்வந்தி 1971 ஜூனில் விஞ்ஞான ஆசிரியையாகச் சேர்ந்தாள். பக்கத்து ஊர்ப் பெண்தான், இருபத்தைந்து வயது. அவளுடைய அம்மா அப்போதும் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தாள். அந்தத் தெருவிலிருந்து முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்று கட்சிக்காரர்கள் அவளுக்கு மாலை போட்டிருந்தார்கள். ஆசிரியர் அறையில் ஒன்றிரண்டு பேர், "இனிமே இவங்க காலந்தானே" என்று வாய்க்குள் முனகினார்கள். வேதநாயகம் அந்தப் பேச்சில் சேரவில்லை. அந்தச் சின்னத்தனம் தன்னிடம் கிடையாது என்பதில் அவருக்கு ஒரு பெருமை. முதல் நாள் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டவரும் அவர்தான்.

பத்தாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில் சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். ஒரு பக்கம் வேதநாயகம் கணக்குப் போடும்போது மறுபக்கம் செவ்வந்தி பாடம் நடத்துவாள். சேர்ந்த மூன்றாம் நாளே அவள் குரல் தட்டியைத் தாண்டி வந்தது.

"இந்தப் பூவரச இலையைத் திருப்பிப் பாருங்க. அடியில வாய் இருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, ஆயிரக்கணக்குல வாய்! இது மூச்சு விடுது. இதை மொதல்ல மைக்ராஸ்கோப்புல பார்த்த அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை, தெரியுமா?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அப்புறம் சட்டென்று ஓர் அமைதி. வேதநாயகத்தின் சாக்பீஸ் பலகையில் நின்றுவிட்டது. தன் வகுப்பிலும் அமைதி இருக்கிறது, ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. தன் வகுப்பில் பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார்கள். அங்கே மூச்சு விட மறந்திருந்தார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். அவருடைய நாற்பத்திரண்டு பேரும் பலகையைப் பார்த்தபடி, காதை மட்டும் தட்டிப் பக்கம் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"இங்க கவனி!" என்று அதட்டினார். கவனித்தார்கள். ஆனாலும் அன்றைக்கு அவர் போட்ட கணக்கு அவருக்கே உப்பில்லாத கஞ்சியாக இருந்தது.

ஆடி பிறப்பதற்குள் பள்ளிக்கூடமே மாறிப்போயிற்று. வாய்க்கால் கரையில் கிடக்கும் பூண்டெல்லாம் பிள்ளைகளின் பைக்குள் வந்தது. செவ்வந்தியிடம் ஒரே ஒரு லென்ஸ்தான் இருந்தது. அதற்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வரிசை நின்றது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பயிர்வைக்கிற தங்கையன் மகள் ரெங்கம்மாள் என்று ஒருத்தி, கடைசிப் பெஞ்சு. மூன்று வருஷமாக வேதநாயகத்திடம் வாயைத் திறந்ததில்லை. 'மரமண்டை' என்று அவர் அவளை விட்டுவிட்டிருந்தார். அவள் ஒரு நாள் கிணற்றடியில் நின்று நான்கு பேரோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தாள்.

"தென்னை மாமரத்துக்குச் சொந்தமில்லடி, நெல்லுக்குத்தான் சொந்தம். ரெண்டும் ஒரே சாதி. நரம்பைப் பாரு, எல்லாம் நேரா ஓடுது. மா இலையில அப்படியா ஓடுது?"

வேதநாயகம் தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்தார். இந்தக் குரல் மூன்று வருஷமாக இந்தப் பெண்ணிடம் இருந்திருக்கிறது. தனக்கு அது கேட்கவில்லை. அதைத் தாங்கிக்கொள்ளலாம். வந்து இரண்டு மாதமான ஒருத்திக்குக் கேட்டுவிட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் மனைவி சகாயம்மாளிடம் பொருமினார். "பாடத்தை விட்டுட்டுப் புல்லு பூண்டைக் காட்டி வேடிக்கை பண்ணிக்கிட்டிருக்கா. பரீட்சையில தெரியும் வண்டவாளம்."

சகாயம்மாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பொண்ணு மேல உங்களுக்கு என்னங்க இவ்வளவு வயித்தெரிச்சல்? நீங்க மட்டும் என்னவாம்? கல்யாணமான புதுசுல சோத்துத் தட்டுல விரலால வட்டம் போட்டு எனக்குக் கணக்குச் சொன்னீங்க. சோறு ஆறுறதுகூடத் தெரியாம."

அவர் கை கழுவ எழுந்துவிட்டார். அப்படி ஒரு வேதநாயகம் இருந்தது உண்மைதான். அவன் எந்த வருஷம் காணாமல் போனான் என்று அவருக்கே தெரியவில்லை. வருஷா வருஷம் அதே கணக்கு, அதே விடை, அதே பரீட்சை. தேர்ச்சி விகிதம் ஏற ஏற அவன் இறங்கிக்கொண்டே போயிருக்கிறான்.

ஆகஸ்ட் மாதம் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆசிரியர் அறையில் அவர் மட்டும் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். செவ்வந்தி கிட்டத்தட்ட ஓடிவந்தாள்.

"சார், நாளைக்கு உங்க ரெண்டாவது பீரியடை எனக்குக் குடுப்பீங்களா? தங்கையன் வயல்ல குறுவை பூ எடுத்திருக்கு. பத்தரை பதினொண்ணுக்குத்தான் சார் விரியும். என் பீரியடு மத்தியானம். அதுக்குள்ள மூடிக்கும்."

"நெல்லைக் காட்ட இதுங்களுக்கு ஒரு டீச்சர் வேணுமா? பொறந்ததுலேருந்து அதுலதானே கிடக்குதுங்க."

"அதான் சார் விஷயம். பொறந்ததுலேருந்து கிடக்குறாங்க, பூவைப் பார்த்ததில்ல. எங்கம்மா நாப்பது வருஷமா நடவு நடுது, அதுவும் பார்த்ததில்ல. நானே காலேஜுக்குப் போயித்தான் பார்த்தேன்."

அவள் கண்ணில் இருந்த வெளிச்சத்தை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை. வயல்காட்டுப் பிள்ளைகள் வயலைப் பார்த்துக் கொட்டாவி விடட்டும், அப்போது இவளுக்குப் புத்தி வரும் என்று ஒரு நப்பாசை. "எடுத்துக்குங்க டீச்சர்" என்றார் தாராளமாக.

மறுநாள் பழக்கதோஷத்தில் இரண்டாவது பீரியடுக்கு மணியடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டார். வெறும் பெஞ்சுகள். ஜன்னலுக்கு வெளியே, வாய்க்காலுக்கு அப்பால், தங்கையன் வயலின் வரப்பில் நாற்பத்திரண்டு தலைகள் குனிந்திருந்தன. ஒரு தலைகூட நிமிரவில்லை. கொட்டாவி விடுவதற்காவது ஒருத்தன் நிமிர்வான் என்று முக்கால் மணி நேரம் அவர் காத்துக்கொண்டு நின்றார்.

காலெல்லாம் சேறோடு அவர்கள் திரும்பி வந்தபோது ரெங்கம்மாள் நேரே அவரிடம் வந்தாள். "சார், உமி ரெண்டாப் பிளந்து வாய் திறக்குது சார். ஆறு நூல் தொங்குது. ஒரு மணி நேரந்தான். மூடிக்கிட்டா அப்புறம் திறக்கவே திறக்காது. எங்கப்பாவும் வந்து பார்த்துச்சு சார். வரப்புல உட்கார்ந்துடுச்சு."

மூன்று வருஷத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அதுவும் இன்னொருத்தி பாடம்.

"போயி உட்காரு" என்றார் வேதநாயகம்.

செவ்வந்திக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பார்த்ததை அன்றைக்கே நோட்டில் எழுத வேண்டும். நாள், மணி, எந்த வயல், யார் சாகுபடி, என்ன ரகம், நட்டு எத்தனை நாள் எல்லாம் மேலே வரவேண்டும். அதன்படி நாற்பத்திரண்டு நோட்டிலும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: சாகுபடி, தங்கையன். ரகம், ஆடுதுறை 27.

இந்த வரிதான் வினையாக முளைத்தது.

அந்த வயல் மிராசுதார் துரைராசுவுக்குச் சொந்தம். தங்கையன் பதினோரு வருஷமாகக் குத்தகைக்கு உழுதுவந்தார். எல்லாம் வாய்ப்பேச்சு. ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கிடையாது. உழுகிற குத்தகைதாரனின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. பெயர் ஏறிவிட்டால் அவரை லேசில் வெளியேற்ற முடியாது. ஊருக்கு ஊர் அதுதான் சண்டை. குறுவை அறுப்பு முடிந்த கையோடு துரைராசு, "தங்கையன் என் பண்ணையில் கூலியாள். அது என் சொந்தச் சாகுபடி" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தங்கையனுக்குச் சாட்சி சொல்ல ஊரில் ஒருத்தரும் வரவில்லை. எல்லாருடைய அடுப்பும் துரைராசுவின் களத்து நெல்லில்தான் எரிந்தது.

ரெங்கம்மாள் தன் நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாவோடு தாசில்தாரிடம் போய் நின்றாள். "பூ பார்த்த அன்னைக்கு எழுதினது. வழக்கு வரும்னு எங்களுக்கு அப்ப தெரியாதுங்க" என்றாள். தாசில்தார் புரட்டிப் பார்த்துவிட்டு மற்ற நோட்டுகளையும் கொண்டுவரச் சொன்னார். நாற்பத்திரண்டும் போயின.

துரைராசு சும்மா இருப்பாரா? பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். ஆசிரியை பள்ளி நேரத்தில், யார் அனுமதியும் இல்லாமல், பிள்ளைகளைத் தன் வயலுக்குள் இறக்கிப் பொய்ச்சாட்சி தயாரித்தாள் என்று கல்வி அதிகாரிக்கு மனு அனுப்பினார்.

அக்டோபரில் விசாரணை வந்தது. தலைமையாசிரியர் அறையில் கல்வி அதிகாரி உட்கார்ந்திருந்தார். கேள்வி ஒன்றே ஒன்றில் போய் நின்றது. வேறு ஆசிரியரின் பீரியடை முறையாகக் கேட்டு வாங்கிப் போனாளா, இல்லை, தானாக இழுத்துக்கொண்டு போனாளா? முறையாகப் போயிருந்தால் அது பாடம். இல்லாவிட்டால் குற்றம்.

"வேதநாயகம் சார்கிட்ட முந்தின நாளே கேட்டேங்க. சரின்னு சொன்னாங்க" என்றாள் செவ்வந்தி.

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "உண்டா சார்?"

வேதநாயகம் உண்மையைச் சொல்லத்தான் வந்திருந்தார். காலையில் குளிக்கும்போதுகூட வார்த்தைகளைச் சரிபார்த்து வைத்திருந்தார். அப்போது பார்வை ஜன்னலுக்குப் போயிற்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றார்கள். ரெங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லா முகமும் செவ்வந்தியின் மேல் இருந்தது. பதினாறு வருஷம் சாக்பீஸ் தூள் தின்ற மனிதன் இதோ உட்கார்ந்திருக்கிறான். அவன் பக்கம் ஒரு முகம் திரும்பவில்லை. தனக்கு ஒரு விசாரணை வந்தால் ஜன்னலில் யார் நிற்பார்கள் என்று ஒரு கணம் யோசித்தார். யாரும் இல்லை.

"என்கிட்ட கேட்கலைங்க" என்றார்.

செவ்வந்தி கத்தவில்லை. "சார்…" என்றாள், அவ்வளவுதான். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி எழுதிக்கொண்டார்.

பத்து நாளில் மாற்றல் உத்தரவு வந்தது. பூம்புகார்ப் பக்கம் ஒரு கடலோரப் பள்ளிக்கூடம். அவள் போன அன்று வேதநாயகம் தலைவலி என்று லீவு போட்டுவிட்டார். சாயங்காலம் துரைராசு வீட்டு ஆள் ஒரு தார் பூவன்பழத்தைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான்.

"எதுக்குங்க இது?" என்றாள் சகாயம்மாள்.

"தெரியலை."

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தத் தாரிலிருந்து ஒரு பழத்தை அவள் பிய்க்கவில்லை. மாட்டுக்கொட்டகையில் கிடந்து கறுத்து, ஈ மொய்த்து, குப்பைக்குப் போயிற்று.

போட்டி ஒழிந்தது, இனி நிம்மதி என்று நினைத்தார். ஆனால் ஆள் எதிரே இருந்தபோது எரிந்ததைவிட ஆள் போன பிறகுதான் அதிகமாக எரிந்தது. விஞ்ஞானத்துக்கு ஆள் வரும் வரை அவரையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் தலைமையாசிரியர். புத்தகத்தைத் திறந்து வரிக்கு வரி வாசித்தார். பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். முன்பெல்லாம் அவரிடம் கேள்வி கேட்கிற பழக்கமே யாருக்கும் இல்லை. இப்போது கேட்டார்கள். வேர் இருட்டில் கீழே போகிறது, தண்டு மேலே வருகிறது, எது மேல் எது கீழ் என்று விதைக்கு யார் சொன்னது என்றாள் ஒருத்தி. அவருக்குத் தெரியவில்லை. "பரீட்சைக்கு அது வராது" என்றார். செவ்வந்தியாக இருந்தால் குதித்திருப்பாள் என்று அவர்கள் பார்வையிலேயே எழுதியிருந்தது. இல்லாத ஒருத்தியோடு தினமும் தோற்பது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

நவம்பர் கடைசியில் ஒரு நாள், இரண்டாவது பீரியடு. அவர் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் ரெங்கம்மாள் எழுந்து நின்றாள். கையில் ஒரு தாள்.

"சார், குறுவை அறுக்கும்போது ஆளுக்கு ஒரு குத்துப் பயிரைப் பிடுங்கி எண்ணி வச்சிருக்கோம். குத்துக்கு எத்தனை கதிர், கதிருக்கு எத்தனை மணின்னு. ஒரு நெல்லை விதைச்சா எத்தனை நெல்லு ஆவுதுன்னு கண்டுபிடிக்கணும். எங்களுக்குப் போடத் தெரியலை."

அவர் தாளை வாங்கினார். நாற்பத்திரண்டு வரிசை எண்கள், நாற்பத்திரண்டு கையெழுத்து. சராசரிக் கணக்கு. ஆறாம் வகுப்புச் சமாசாரம். பலகையில் போட ஆரம்பித்தார். குத்துக்குச் சராசரி ஒன்பது கதிர். கதிருக்குச் சராசரி எண்பத்து நான்கு மணி. பெருக்கினால் எழுநூற்று ஐம்பத்தாறு. கோடு போட்டு முடிக்கப் போனவர் நிறுத்தினார். எங்கோ இடித்தது.

"ஒரு குத்துக்கு ஒரு நாத்தா வைப்பீங்க?"

"இல்ல சார்!" நாலைந்து குரல்.

"அப்ப எழுநூத்தி அம்பத்தாறும் ஒரு நெல்லோட பிள்ளைங்க இல்லையே. எத்தனை நாத்து?"

"மூணு சார்."

"எங்கம்மா நாலு வைக்கும் சார்."

"போடா, உங்கம்மா அவசரத்துல அள்ளி வைக்கும். மூணுதான் சார் கணக்கு."

"எப்படி முடிவு பண்றது?" என்றார் வேதநாயகம். அந்தக் கேள்விக்கு விடை அவருக்கும் தெரியாது. விடை தெரியாத கேள்வி ஒன்றை வகுப்பில் அவர் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. பிள்ளைகள் பெஞ்சில் ஏறி நிற்காத குறை. வீட்டில் நடவு நடுகிறவர்கள் எத்தனை பேர், யார் எத்தனை வைப்பார்கள் என்று அவர் ஒவ்வொருவராகக் கேட்டுப் பலகையில் எழுதினார். சட்டையெல்லாம் தூள். முழுச் சாக்பீஸ் எப்போது மூன்றாக ஒடிந்தது என்று அவர் கவனிக்கவில்லை. சராசரி மூன்றுக்குச் சரியாக வந்து நின்றது. வகுத்தார்.

"இருநூத்தி அம்பத்திரண்டு! ஒரு நெல்லுக்கு இருநூத்தி அம்பத்திரண்டு!"

வகுப்பு 'ஓ' என்றது. ஓசை அடங்கியபோது அவருக்கு ஒன்று உறைத்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த வகுப்பு இந்தப் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டிருந்தது. மணியடித்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. வேதநாயகத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதைத்தானா அவள் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்!

ரெங்கம்மாள் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டே, "டீச்சர் சொன்னது சரிதான் சார்" என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"போறதுக்கு முந்தின நாள் இந்தத் தாளைக் குடுத்தப்ப சொன்னாங்க சார். எனக்கு இது நறுவிசா வராது, வேதநாயகம் சார்கிட்ட கேளுங்க, அவருக்குக் கணக்குன்னா உசுரு, கேட்டுப் பாருங்கன்னு."

போவதற்கு முந்தின நாள். அதாவது அவர் பொய் சொல்லிப் பத்து நாள் கழித்து. அவளை ஊரைவிட்டு விரட்டியவர் இவர்தான் என்று தெரிந்த பிறகு.

அவர் வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்துக்கு முன் தின்றது திருட்டுச் சோறு என்று தோன்றியது. இந்தப் பிள்ளைகளைக் கேட்க வைத்தது அவள். எண்ண வைத்தது அவள். தாளைக் கொடுத்து அவரிடம் அனுப்பியதும் அவள்தான். இந்த விஷயத்தில்கூட அவள் ஒரு கை உயர்ந்தே நிற்கிறாளே என்று, அந்த வெட்கத்துக்கு நடுவிலும், வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடு இனிக் காலம் தள்ள முடியாது என்பது மட்டும் விளங்கிற்று.

அன்று வீட்டுக்குப் போனதும் சகாயம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "தங்கையன் வழக்கு எப்பங்க?" என்று மட்டும் கேட்டாள்.

டிசம்பரில் திருவிடைமருதூரில் தாசில்தார் முகாம் போட்டிருந்தார். தங்கையன் வழக்கு எடுக்கப்பட்டது. துரைராசுவின் வக்கீல் கல்வி இலாகா உத்தரவின் நகலை நீட்டினார். அனுமதியில்லாமல் கூட்டிப்போய் எழுத வைத்த நோட்டுகள், இட்டுக்கட்டியவை, தள்ளிவிட வேண்டும் என்றார். தங்கையன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். பக்கத்தில் ரெங்கம்மாள்.

பின்வரிசையிலிருந்து வேதநாயகம் எழுந்தார். "அய்யா, ஒரு வார்த்தை. அந்த ரெண்டாவது பீரியடு என்னுடையது. நான்தான் அனுமதி குடுத்தேன். முந்தின நாளே கேட்டாங்க, எடுத்துக்குங்கன்னு சொன்னேன்."

துரைராசு திரும்பிப் பார்த்தார். "வாத்தியாரே, என்ன பேசறீங்க? விசாரணையில வேற மாதிரி சொன்னீங்களே?"

"அது பொய்ங்க."

கூடத்தில் சலசலப்பு. தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கும் அந்த அம்மாவுக்கும் முன்விரோதம் ஏதாவது உண்டா?"

"இல்லைங்க."

"பின்ன ஏன் பொய் சொன்னீங்க?"

வேதநாயகம் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஊரார் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். பதினாறு வருஷப் பெயர் இந்த ஒரு வாக்கியத்தில் போய்விடும்.

"பொறாமைங்க" என்றார். "பிள்ளைங்க அவங்களைப் பார்க்குற மாதிரி என்னைப் பார்க்கலை. அதான்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். வக்கீல் நக்கலாக, "இதையும் பதிவு பண்ணிக்கலாமா?" என்றார்.

"பண்ணிக்குங்க" என்றார் வேதநாயகம். அவர் ஓரக்கண்ணால் ரெங்கம்மாளைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல வந்ததில் கால்பங்கு அந்த ஒரு பார்வைக்காகத்தான் என்று அவருக்கே தெரியும். அவள் அவரைப் பார்த்தாள். செவ்வந்தியைப் பார்த்த பார்வை இல்லை அது. நம்பியிருந்த பலகையில் தப்பான விடையைப் பார்த்தவள் போலப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் திரும்பிவிட்டாள்.

தை மாதம் தங்கையன் பெயர் பதிவேட்டில் ஏறியது. செவ்வந்தியின் மாற்றல் ரத்தாயிற்று. வேதநாயகத்துக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அவர் விளக்கம் ஏதும் எழுதாமல், செய்தது தப்பு என்று ஒரே வரி எழுதினார். வேதாரண்யம் பக்கம் மாற்றினார்கள்.

அவர் கிளம்பிய காலையில் பஸ் நிறுத்தத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாக நிற்பதைத் தூரத்திலேயே பார்த்தார். தன்னை வழியனுப்பத்தான் என்று நடையை எட்டிப் போட்டார். கிட்டே போனதும்தான் தெரிந்தது. மாயவரத்திலிருந்து வரும் பஸ்ஸில் செவ்வந்தி டீச்சர் வருகிறாளாம். பிள்ளைகள் அவருக்கு வணக்கம் சொல்லி, கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவ்வளவுதான். சகாயம்மாள் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பஸ் வந்தது. அவள் இறங்குவதற்குள் பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். ஒரே இரைச்சல். ரெங்கம்மாள் அவள் பையைப் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். வேதநாயகத்துக்குள் பழைய நெருப்பு மறுபடி மூண்டது. இத்தனைக்குப் பிறகும் அது அணையவில்லை என்பதில் அவருக்கே ஆச்சரியம்.

செவ்வந்தி பிள்ளைகளை விலக்கிக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"தாசில்தார்கிட்ட சொன்னதைக் கேள்விப்பட்டேன் சார்" என்றாள். "மன்னிச்சிட்டேன்னு சொல்ல இன்னும் வாய் வரலை. பொய்யாச் சொல்ல எனக்குப் பிடிக்கலை."

"வேண்டாம் டீச்சர். சொல்ல வேண்டாம்."

"இங்க எங்கம்மாவைத் தனியா விட்டுட்டுப் போயி மூணு மாசம். அங்க கடல்காத்துல எனக்கு இருமலு. யாரும் இல்ல பார்க்க." அவள் குரல் உடைந்து, பிறகு நிலைக்கு வந்தது. "சரி. பத்தாவதுக்குக் கணக்கு எதுவரைக்கும் நடத்தியிருக்கீங்க? புது சார் வர்ற வரைக்கும் நாந்தான் பார்க்கணுமாம்."

"முக்கோணவியல் ஆரம்பிக்கலை" என்றார் வேதநாயகம். பஸ் கிளம்ப விசில் கொடுத்தார்கள். சகாயம்மாள் பெட்டியை ஏற்றிவிட்டு அவரைக் கூப்பிட்டாள். அவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே திரும்பினார். "டீச்சர், புத்தகத்துலேருந்து ஆரம்பிக்காதீங்க. வெயில்ல கூட்டிக்கிட்டுப் போங்க. ஒரு குச்சியை நட்டு அதோட நிழலை அளக்கச் சொல்லுங்க. அப்புறம் பள்ளிக்கூடத்துத் தென்னையோட நிழலை. மரத்துல ஏறாமலே உயரம் சொல்லிடலாம். நான் இதைப் படிச்ச அன்னைக்கு, அந்தி சாயுற வரைக்கும் ஒவ்வொரு மரமா…"

"சார், ஏறுங்க!" என்று கண்டக்டர் இரைந்தார்.

செவ்வந்தி முகத்தில் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணை இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "குச்சி எவ்வளவு நீளம் சார்?" என்று பஸ்ஸோடு இரண்டு எட்டு நடந்தபடியே கேட்டாள்.

"எவ்வளவு இருந்தாலும் சரி! அதுதான் அதுல அழகு!"

பஸ் திரும்பியது. ஜன்னல் வழியாக அவர் பார்த்தபோது அவள் பிள்ளைகளின் நடுவில் போய்விட்டிருந்தாள். எல்லா முகமும் அவள் மேல்தான். கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டார். எரிச்சல் இருக்கத்தான் செய்தது. அதை இப்போது அவர் தனக்குள் மறைத்துக்கொள்ளவில்லை.

"என்னங்க யோசனை?" என்றாள் சகாயம்மாள்.

"வேதாரண்யத்துல தென்னை இருக்கும்ல?" என்றார் வேதநாயகம்.

"தென்னை இல்லாத ஊரு உண்டா? ஏன்?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, எதிரே இருந்த இருக்கையின் முதுகில் ஒரு முக்கோணம் போட்டு அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.